முட்டியில் தொலைந்த இனிப்பு

பியர் வடிப்போருக்கு முதற்கவலை ஒன்று உண்டு. முளைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய இனிப்புச் சாறு, நொதிக்கத் தொடங்குமுன் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதே அது. அடர்த்தி குறைந்தால் சர்க்கரை குறைவு. மதுவின் வலுவும் குறைவு. இதனை அளக்கும் மானியைப் பற்றி ஜோன் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர் 1784இல் நூலெழுதினார். 1880இல் பிரித்தானிய அரசு பியர் வரியையே அந்த அடர்த்தியின் மீது விதித்தது.

மன்னாரில் அந்த இனிப்புச் சாற்றைப் பனைமரமே ஆக்கித் தருகிறது. பாளையைச் சீவி முட்டி கட்டினால், நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை கொண்ட சாறு வடிகிறது. நீரின் அடர்த்தியை 1000 என்று கொண்டால் இது ஏறத்தாழ 1040 முதல் 1048 வரை. சாதாரண பியருக்கான சாற்றுக்கு இது இளைத்ததன்று.

ஆயினும் அடுப்பில் ஏற்றும்போது அந்த இனிப்பு இருப்பதில்லை; பனங்கட்டி இறுகுவதில்லை. எங்கே போனது? பியரில் ஈஸ்டை மனிதன் பின்னர் இடுகிறான். பனையிலோ அது பாளையிலும் காற்றிலும் கழுவாத முட்டியிலும் முன்னரே காத்திருக்கிறது. சாறு சொட்டத் தொடங்கியதும் சர்க்கரை சிதைந்து மதுவாகிறது. மழைநீர் கலந்தாலும் அடர்த்தி குறையும்.

மானி குறைவைக் காட்டும்; காரணத்தைக் காட்டாது. சீவல் தொழிலாளரின் நாக்கு காரணத்தையும் சொல்லும். மழைநீர் கலந்தது சப்பென்றிருக்கும். நொதித்தது நாவைக் கிள்ளும், நுரைக்கும். முன்னதற்கு முட்டியின் வாயை மூடிக் காக்கவேண்டும். பின்னதற்கு முட்டியைச் சுத்தம் செய்து, உட்புறம் சுண்ணாம்பு பூசி, வெயில் ஏறுமுன் இறக்கவேண்டும். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டை அடக்கிவிடும். மிஞ்சினால் கட்டி கறுத்துக் கைக்கும். அளவறிந்து பூசுவதே தொழில்.

இக்கரைக்குச் சுண்ணாம்பு புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரிப்பில் ஆளுநர் பிரெடரிக் நோர்த்துக்காக எழுந்த மாளிகைக்கு முத்துச்சிப்பி சுட்ட சுண்ணாம்பே சாந்தாயிற்று. அம்மாளிகையைப் பற்றி வெள்ளையர் எழுதிவைத்தனர். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிய கையைப் பற்றி எழுதியவர் குறைவு. வில்லியம் பெர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனிநூலே எழுதினார் என்பது விதிவிலக்கு.

இதற்குக் காரணம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். அரசுக்கு வருமானம் தந்தது நொதித்த சாறு. சாராயக் குத்தகைக் காலத்திலும், 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்துக்குப் பின்னரும் கணக்கில் ஏறியது மதுவே. நொதிக்காமல் காத்த கருப்பநீருக்குக் கணக்கில் பெரிய இடமில்லை. அதைக் காக்கத் தெரிந்தவரையோ சாதி கீழே நிறுத்தியது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் கதை வேறு. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதன்பின் சுண்ணாம்பு பூசிய கலயமே பதநீரையும் கள்ளையும் பிரிக்கும் சட்டக் கோடாயிற்று. தொழிலறிவு அங்கே காவல்துறையின் சான்றுப்பொருளாயிற்று. இங்கே அது எவர் கண்ணிலும் படவில்லை.

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978இல்தான் செயற்படத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே போர் வந்தது. வடக்கெங்கும் பனைகள் காவலரண்களுக்காக வெட்டுண்டன, ஏறியவர்கள் இடம்பெயர்ந்தனர். 1990இல் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் முற்றாக வெளியேற்றப்பட்டபோது, ஊர்ச் சந்தையின் ஒரு பாதியே போனது.

பனங்கொட்டையை நட்டால் மரம் மீண்டும் வரும். பாளை விட ஒரு தலைமுறைக்காலம் பொறுத்தால் போதும். ஆனால் சாறு ஏன் இளைத்தது என்று ஒரு மிடறில் சொல்லும் நாக்கை நடமுடியாது. அது தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. அந்த மகன் இன்று வெளிநாடொன்றில் இருக்கக்கூடும். இவ்வரிகளை வாசிப்பவர்களுள் அப்படி ஒருவர் இருந்தால், தகப்பனார் சொன்னதை எழுதிவைக்க வேண்டுகிறேன். நம் வரலாற்றில் அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.