தவிட்டுப் புரதப் பெப்டைடுகள்

தவிட்டுப் புரதப் பெப்டைடுகள் என்பவை அரிசித் தவிட்டின் புரதத்தை நொதிகளால் துண்டாக்கிப் பெறும் சிறு அமினோ அமிலத் தொடர்கள். இவற்றுள் சில எண்ணெயையும் நீரையும் கலக்கச் செய்யும்; அதோடு எண்ணெய் கெடாமலும் காக்கும்.

காவிரிப் படுகைக்கு இதில் தனி அக்கறை உண்டு. பச்சரிசித் தவிட்டில் லைபேஸ் நொதி, அரைத்த சில மணி நேரத்திலேயே எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து ஆலைகளில் நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. ஆனால் அதே வெப்பம் தவிட்டின் இயற்கையான காப்புப் பொருள்களில் ஒரு பகுதியையும் அழிப்பதால், காற்றுப் பட்டுச் சிக்கு வாடை ஏறுகிறது. புழுங்கல் தவிட்டுக்கு ஆக்சிஜனே முதல் பகை.

அதைத் தடுக்கும் திறன் பெப்டைடின் மூலக்கூறு அமைப்பில் இருக்கிறது. டைரோசினின் பீனால் வளையம், எண்ணெயைக் கெடுக்கும் தனி உறுப்புகளுக்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அவற்றை அடக்கும். மிஞ்சும் ஒற்றை எலக்ட்ரான் வளையமெங்கும் பரவிவிடுவதால் தானும் நிலைகுலையாது. ஹிஸ்டிடின், கேட்டைத் தூண்டும் இரும்பு, செம்பு அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். லியூசின், வேலின் போன்ற நீர்வெறுப்பிகள் பெப்டைடை எண்ணெய்த் துளியின் விளிம்புக்குக் கொண்டு சேர்க்கும். எண்ணெயும் நீரும் கலந்த பால்மங்களில் கேடு பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் தொடங்குகிறது. ஆகவே எது இருக்கிறது என்பதோடு எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம்.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் சர்ஃபாக்டின், விளிம்பில் நிற்பது மட்டும் போதாது என்பதை நன்றாகக் காட்டும். 1968இல் ஜப்பானில் அறியப்பட்ட இந்த வளைய லிப்போபெப்டைடில் அமினோ அமிலங்கள் 7. நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து ஏறத்தாழ 27க்கு இறக்கிவிடும். ஆயினும் அதில் டைரோசினும் இல்லை, ஹிஸ்டிடினும் இல்லை. பரப்பில் வல்லமை இருந்தால் காப்பு வல்லமையும் தானாக வந்துவிடாது.

பெப்டைடோடு கொழுப்பு அமில வாலை இணைத்தும் பரப்புச் செயலிகள் செய்கிறார்கள். இங்கே கவனம் வேண்டும். வால் அளவுக்கு மீறி நீண்டால் மூலக்கூறுகள் தமக்குள் திரண்டு விளிம்பைவிட்டு விலகலாம். டைரோசினின் ஹைட்ராக்சில் முனையிலேயே வாலை ஒட்டினால் கொடுக்க வேண்டிய ஹைட்ரஜன் போய்விடும்.

1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் சிறு ஆய்வகமாகத் தொடங்கிய நெல் பதன ஆராய்ச்சி, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. எண்ணெய் எடுத்த தவிடோ இன்னும் பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகவே போகிறது. அதிலுள்ள புரதத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் டெல்டாவிலேயே எழ வேண்டும்.