சென்னை மாகாணத்தின் முதல் ஐ.ஜி.

இன்று ஸ்ரீரங்கத்தில் தாசில்தார் ஆபீஸ் வேறு, போலீஸ் ஸ்டேஷன் வேறு. 170 வருடங்களுக்கு முன் அப்படி இல்லை. வரி வசூலும் தாசில்தார்தான், திருடனைப் பிடிப்பதும் தாசில்தார்தான். வருவாய்த் துறையில் 34 வருடம் இருந்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சம். கிஸ்தி கட்டாத குடியானவனை அன்று அடித்து வாங்கியது எங்கள் துறை ஆட்கள்தான்.

1854-இல் கம்பெனி அரசு இதை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கமிஷனை அமைத்தது. வந்த புகார்கள் 1,959. அதில் 519 பேர் நேரிலேயே வந்தார்கள், சிலர் 300 மைல் தாண்டி. நம் திருச்சியிலிருந்து சென்னை சுமார் 200 மைல்தான். அப்போது ரயிலும் கிடையாது. விரல்களைக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிப்பது ‘கிட்டி’. கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைப்பது ‘அண்ணாந்தாள்’. இந்தத் தமிழ்ச் சொற்கள் அப்படியே ஆங்கில அறிக்கையில் ஏறின. லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ்கூட 1857-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இதுபற்றி எழுதினார்.

அதன் பிறகுதான் போலீஸ் தனித் துறையானது. முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் வில்லியம் ராபின்சன். இவர் போலீஸ்காரர் அல்ல, சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரி. 1859-ஆம் வருடத்து 24-ஆவது சட்டப்படி புதிய படை உருவானது. 1860-இல் அகில இந்திய போலீஸ் கமிஷனிலும் இவர் உறுப்பினர். மறுவருடம் வந்த இந்திய போலீஸ் சட்டத்துக்கு நம் மாகாணத்து ஏற்பாடே முன்மாதிரி. 1875-இல் கவர்னர் ஹோபர்ட் பிரபு இறந்தபோது, சுமார் ஏழு மாதம் தற்காலிக கவர்னராகவும் இருந்தார் ராபின்சன்.

அடி நின்றதா? போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக எடுக்கக் கூடாது என்று 1861-லேயே சட்டம் வந்துவிட்டது. புதுப் போலீசுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை, அதற்குள் சர்க்காருக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை! அந்த விதி இன்றும் இருக்கிறது. 2020-இல் சாத்தான்குளத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு, அது வேண்டாத விதி என்று யார் சொல்ல முடியும்?

1859 சட்டம் இப்போது தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் இருக்கிறது. ராபின்சனின் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு வழி செய்தவர்கள், அதிகாரிக்குப் பயப்படாமல் சென்னைவரை போய்ச் சாட்சி சொன்ன அந்த 519 பேர்தான் என்பது என் எண்ணம்.