புழுங்கல் அரிசியும் நோபல் பரிசும்



ஆராய்ச்சி என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவில் வருவது நோபல் பரிசுதான். பதக்கமும் பணமும் புகழும் பெறவே அறிவியலாளர்கள் பாடுபடுகிறார்கள் என்று நாமும் எண்ணிவிடுகிறோம். அது சரிதானா? விடை தேடி நாம் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. நம் அடுப்பில் வேகும் புழுங்கல் அரிசியே அதற்கு விடை சொல்லும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பலரைக் கொன்று வந்தது. இந்நோய் கண்டவருக்குக் கால் மரத்துப் போகும்; உடல் வீங்கும்; நடை தளரும்; இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். கிருமியா, ஈரத்தரையா, எது காரணம் என்று தெரியாமல் மருத்துவர்கள் திகைத்தார்கள்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் ஒரு வேற்றுமையைக் கவனித்தார். அதே மண்ணில், அதே மழையில் உழைத்த தமிழர்களிடையே இந்நோய் மிகவும் அரிதாக இருந்தது. சீனர்கள் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி. இதனை அவர் 1907இல் நூலாக எழுதினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கருத்து. அந்தக் கருத்து தவறு. ஆனால், அவர் கண்ட வேற்றுமை உண்மை.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905இன் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்ணினருக்கு வெள்ளை அரிசி; இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கல் அரிசி. இடையில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றிப் பார்த்தார். நோய் விடுதியைப் பின்பற்றவில்லை, அரிசியையே பின்பற்றியது. ஓராண்டில் வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை.

அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று அப்படி ஒரு சோதனை நடத்த மருத்துவ ஆராய்ச்சி நெறிகள் இடந்தரா. கண்டுபிடித்தவர்களை நினைக்கும்போது, விலையாக உயிரைக் கொடுத்தவர்களையும் நாம் நினைக்க வேண்டும்.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதனை ஆராய்ந்தார்கள். வெள்ளை அரிசி உண்ட கூட்டத்தில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் நின்றது. 1909இல் முடிவை வெளியிட்டார்கள். அரிசியில் நஞ்சு ஏதுமில்லை. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்தின் குறைவே நோய் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதுவே இன்று நாம் வைட்டமின் பி1 என்று அழைப்பது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியின் கீழுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. காரணம் அறியாமலே நம் பாட்டிமார் நெல்லை அவித்தார்கள். காரணத்தை ஆராய்ச்சி விளக்கியது.

சரி, பரிசு யாருக்குக் கிடைத்தது? ஜாவாவில் இதே நோயைக் கோழிகளிடம் கண்டு 1890களில் ஆராய்ந்த எய்க்மன் என்னும் டச்சு மருத்துவருக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் அதற்குத் தகுதியானவரே. ஆனால், அப்போது அவர் நோயுற்ற முதியவர். பரிசு பெற ஸ்டாக்ஹோம் செல்லவும் இயலவில்லை. மறு ஆண்டே காலமானார். அவரும் முதலில் காரணத்தைத் தவறாகவே கருதினார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901இல் அதைத் திருத்தினார். பிராடன், பிளெட்சர், பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோருக்கு அந்தப் பரிசு இல்லை.

அதனால் அவர்கள் உழைப்பு வீணா? இல்லை. ஒருவர் கண்டதை மற்றொருவர் சோதித்தார். ஒருவர் பிழையை மற்றொருவர் திருத்தினார். முடிவில் தொழிலாளியின் தட்டில் சோறு மாறியது. மரத்துப்போன கால்கள் மீண்டும் நடந்தன. ஆராய்ச்சியின் நோக்கம் அதுவே. பரிசு சிலருக்கு வரும், பலருக்கு வராது.

நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து "இது ஏன் இப்படி?" என்று கேட்டால், "சும்மா இரு" என்று அதட்டாமல் இருப்போம். ஒரே ஊரில் ஒருவர் சாகிறார், மற்றவர் பிழைக்கிறார். அது ஏன் என்று ஒருவர் கேட்டதால்தான் இந்த நோயின் காரணம் தெரிந்தது.