நவம்பர் ஒன்பதாம் நாள்

வரலாறு கற்போர் ஆண்டுகளை நினைவிலிருத்துவர். நாள்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தார். வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே நாளிற் பெருநிகழ்ச்சிகள் நேர்ந்திருப்பின், அதனை விந்தையென்று கூறி அப்பாற் செல்வர். ஆயின், ஜேர்மனியரின் வரலாற்றில் நவம்பர் 9ஆம் நாளை ஆராயுமிடத்து, அவ்வொற்றுமை முழுவதுந் தற்செயலன்று என்பது புலனாகும்.

1918இல், முதலாம் உலகப் போரின் இறுதியில், அந்நாளிலேயே பேரரசர் இரண்டாம் வில்லியம் முடிதுறந்தாரென அறிவிக்கப்பட்டது. சமூக சனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமன் பேர்லின் பாராளுமன்றக் கட்டடத்தின் சாளரத்தில் நின்று குடியரசைப் பிரகடனஞ் செய்தார்.

அக்குடியரசைத் துரோகத்திற் பிறந்ததெனப் பழித்தார் ஹிட்லர். அதனைக் கவிழ்க்கக் கருதி, 1923 நவம்பர் 8ஆம் நாளிரவு மியூனிச் நகர மதுச்சாலையொன்றில் அவர் தொடங்கிய கிளர்ச்சி, மறுநாட் காவலரின் துப்பாக்கிகளுக்கு முன் முறிந்தது. பின்னர் 1933இல் அவர் ஆட்சியேறியதும், அத்தோல்வி நாளே கட்சியின் பெருவிழாவாயிற்று.

1938இல் அவ்விழாவுக்கெனக் கட்சித் தலைவர்கள் மியூனிச்சிற் கூடியிருந்தனர். பாரிசில் யூத இளைஞனொருவனாற் சுடப்பட்ட ஜேர்மன் தூதரக அலுவலர் இறந்த செய்தி அங்கு எட்டியது. கெப்பெல்ஸ் ஆற்றிய உரை வன்செயலுக்கு உத்தரவாயிற்று. தலைவர்கள் தத்தம் மாவட்டங்களுக்குத் தொலைபேசி வாயிலாகக் கட்டளையிட்டனர். யூதரின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன. சுமார் 30,000 யூத ஆடவர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். விழாவே கொடுமைக்கு வாயிலாயிற்று.

1989இல் நேர்ந்ததோ தற்செயலே. கிழக்கு ஜேர்மனியரின் வெளிநாட்டுப் பயணத்துக்கான புதிய விதிகள் எப்போது நடைமுறைக்கு வருமென நிருபர்கள் வினவ, கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, உடனடியாகவென்று தவறாக விடையிறுத்தார். அவை மறுநாளே நடைமுறைக்கு வரவேண்டியவை. மக்கள் வாயில்களிற் திரண்டனர். 28 ஆண்டுகள் நகரைப் பிரித்த பேர்லின் மதில் அன்றிரவே திறந்தது.

ஆயினும், அம்மகிழ்ச்சி நாளை ஜேர்மனியர் தேசிய விழாவாகக் கொண்டிலர். 1938இன் நினைவு அதன்மேற் படிந்திருந்தமையும் அதற்கோர் ஏதுவாகும். நாடு ஒன்றிணைந்த 1990 ஒக்டோபர் 3ஆம் நாளையே அவர்கள் தெரிந்தெடுத்தனர்.

நாள் தானாக நன்மையுந் தீமையுஞ் செய்வதன்று. அதனை எவ்வாறு நினைவுகூர்கின்றோமென்பதே பின்வருவனவற்றுக்கு வித்தாகின்றது. ஆகவே, விழா எடுக்குமுன் எதனைக் கொண்டாடுகின்றோமென வினவுதல் வரலாற்று மாணவரின் கடனாம்.