குமாஸ்தாக்களுக்கு ஒரு கல்லூரி

பழைய டல்ஹௌசி சதுக்கத்தின் வடபுறத்தே நீண்டு நிற்கும் செந்நிறக் கட்டடத்தை நம் காலனி அன்பர்கள் யாவரும் அறிவர். ‘ரைட்டர்ஸ் பில்டிங்’ என்பது அதன் பெயர். அப்பெயரில் வரும் ‘ரைட்டர்’ நூலாசிரியர் அல்லர்; கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவே ஆவார். எனவே, அவர் வரலாறு நமக்கும் உறவுடையது.

இளம்பருவத்திலேயே கப்பலேறி வந்த அந்த ஆங்கிலேயர்க்குத் தொடக்கத்தில் கிடைத்த பயிற்சி, கடிதங்களைப் படியெடுப்பதும் கணக்கு எழுதுவதுமே. வாணிகத்திற்கு அது போதும். ஆனால், 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமை கம்பெனிக்கு வந்த பின்னர், குமாஸ்தாவாக வந்தவரே நாளடைவில் நீதிபதியும் கலெக்டருமாயினர். குடிகளின் மொழியறியாதார் குடிகளின் வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்?

இக்குறையைப் போக்கவே வெல்லெஸ்லி பிரபு 1800இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். இந்திய மொழிகளோடு சட்டமும் சரித்திரமும் பாடங்களாயின. மாணவர் தாம் கற்ற மொழியில் பொதுச்சபை நடுவே வாதம் புரிந்து தேர்ச்சியைக் காட்டவேண்டும். சிறந்தோர்க்குப் பரிசும் பதக்கமும் உண்டு.

1801இல் வங்கமொழி கற்பிக்க வந்த வில்லியம் கேரிக்குப் பாடநூல் கிடைக்கவில்லை. ராம்ராம் பாசு, மிருத்யுஞ்சய வித்யாலங்கார் முதலிய பண்டிதர்கள் உரைநடை நூல்கள் எழுதித் தந்தனர். குமாஸ்தாக்களின் பாடப்புத்தகம் வங்க உரைநடைக்கே கால்கோளாயிற்று. எனினும், கேரியின் மாதச் சம்பளம் 500 ரூபாய். ராம்ராம் பாசுவுக்கோ 40 ரூபாய்!

சென்னையிலும் 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் இத்தகைய கல்லூரி தோன்றிற்று. அங்குக் கிடைத்த மொழியறிவின் பயனாகவே, தென்மொழிகள் தனியொரு குடும்பம் என்பதை அவர் 1816இல் அச்சில் நிறுவினார். கால்டுவெலின் நூல் வெளிவந்ததோ 1856இல்தான்.

செலவு மிகுதி என்று கம்பெனி இயக்குநர்கள் முணுமுணுத்தனர். 1806இல் இங்கிலாந்திலேயே ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. கல்கத்தாக் கல்லூரி மெலிந்து, 1854இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் புறப்பட்டது. நம் இனத்துக் குமாஸ்தாவின் காலம் பிறந்தது!

நாம் வேலையிற் சேர்ந்த புதிதில், ஓய்வூதியம் பற்றிக் கேட்க ஒரு வங்க மூதாட்டி நம் மேசைமுன் வந்து நின்றார். விதிநூல் முழுதும் நமக்கு மனப்பாடம். ஆயினும் அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. விழித்து நின்றோம். அடுத்த மேசையிலிருந்த முதிய வங்க அன்பர் எழுந்து வந்து அம்மையாரின் குறை தீர்த்தார். அன்று முதல் உணவு இடைவேளைதோறும் பத்துச் சொற்களாக நமக்கு வங்காளி கற்பித்தார். அவருக்கு அந்த 40 ரூபாயும் இல்லை.

பிழைக்க வந்த ஊரின் மொழியைக் கற்பது தாய்மொழிக்குச் செய்யும் துரோகமன்று. நம் இல்லங்களில் தமிழ் முழங்கட்டும். நம் மேசைமுன் நிற்பவருக்கு அவர் மொழியிலேயே விடை கிடைக்கட்டும். கற்பித்தவரை மறவாதிருப்பதும் அப்பயிற்சியின் ஒரு பாடமே.