விருந்தோம்பலும் தேசாபிமானமும்: 2006ஆம் ஆண்டு ஜெர்மனி

விளையாட்டில் வென்ற நாட்டில் தேசாபிமானம் பெருகும், தோற்ற நாட்டில் குன்றும் என்னும் பொது அபிப்பிராயம் ஜெர்மனியின் சரித்திரத்துக்கு முன் நிலைப்பதில்லை. 1974இல் மேற்கு ஜெர்மனி தன் சொந்த மண்ணிலேயே, மூனிக் நகரில், நெதர்லாந்தை 2–1 என்று வென்று கால்பந்து உலகக் கோப்பையைப் பெற்றபோது வீதிகளில் அவ்வளவாகக் காணப்படாத கொடிகள், 2006இல் அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்று மூன்றாமிடத்தோடு நின்ற அணிக்காக வீட்டு மாடங்களிலும் வாகனங்களிலும் பறந்தன. பெர்லினின் பிராண்டன்பர்க் வாயிலருகே லட்சக்கணக்கானோர் திரண்டு அவ்வணியை வாழ்த்தினர். ஆகவே, இந்த உற்சாகத்தின் காரணத்தை வெற்றியில் அன்று, 2006இல் விருந்தளிப்போனாக நின்ற விதத்தில் தேடுவதே தகும்.

அக்கொடியின் கருப்பும் சிவப்பும் பொன்னும் 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் ஜனநாயகவாதிகள் ஏந்திய வர்ணங்கள். நாஜிகள் அவற்றை நீக்கினர். ஆயினும் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கைத் தன் பிரதாபத்தின் அரங்கமாக்கிய ஆட்சி விட்டுச்சென்ற களங்கம், 1945க்குப் பின் எந்தக் கொடியை உயர்த்தவும் மக்களைத் தயங்கச் செய்தது. சிந்தனையாளர்களான டோல்ஃப் ஸ்டெர்ன்பெர்கரும் ஹேபர்மாஸும் தேசத்தின் மீதான பற்றுக்குப் பதிலாக அரசியலமைப்பின் மீதான பற்றை முன்வைத்ததும் இத்தயக்கத்தின் வழியே வந்ததுதான். 1972இல் மூனிக் ஒலிம்பிக்கைக் கொண்டு பழைய நினைவைத் துடைக்க முயன்றபோதோ, 11 இஸ்ரேலியர்களின் கொலையில் அம்முயற்சி சிதைந்தது.

2006இல் 32 நாடுகளின் கொடிகளுக்கிடையே தன் கொடியும் ஒன்றாக நின்றமையால், ஜெர்மானியன் அதை அச்சமின்றிக் கையிலெடுத்தான். அதிதிகளின் மகிழ்ச்சியே அவனுக்கு அந்த அனுமதியை அளித்தது. இப்பெருமிதத்தை நான் பொய்யென்று கருதவில்லை. ஆனால் வந்து திரும்பும் விருந்தினரை நோக்கி மலர்ந்த முகம், உடன் வாழ்வோரை நோக்கியும் மலர்ந்ததா என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது.

அரையிறுதி நடந்த அதே டார்ட்மண்டில், அவ்வாண்டு ஏப்ரலில் துருக்கிய வம்சாவளிக் கடைக்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாட்களில் காஸல் நகரில் அவ்வாறே ஓர் இளைஞர் மாண்டார். இனி ஒருவரும் பலியாகலாகாது என்று கொல்லப்பட்டோரின் குடும்பத்தார் ஜூன் மாதத்தில் டார்ட்மண்டில் ஊர்வலம் சென்றபோது, நாடு பந்தாட்டத்தில் ஆழ்ந்திருந்தது. காவல்துறையோ கொலையாளிகளை அக்குடும்பங்களின் சுற்றத்திலேயே தேடியது. அக்கொலையாளிகள் நவநாஜிகள் என்பது 2011இல்தான் வெளிப்பட்டது. போட்டிக்குப் பின் வினவப்பட்டவர்களிடம் தேசிய அகந்தை கூடியிருந்ததாக, சமூகவியலாளர் வில்ஹெல்ம் ஹைட்மயரின் தலைமையில் நடந்த ஆய்வுத் தொடரும் காட்டிற்று. அகந்தையின்றி அன்பு மட்டுமே பெருகியது என்று கொண்டாடியோர் இதைக் கருத்தூன்றி நோக்கியிருக்க வேண்டும்.

2024இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியை ஜெர்மனி மீண்டும் தன் மண்ணில் நடத்தியபோது, கெல்சென்கிர்ஷனில் துருக்கியக் குடும்பத்தில் பிறந்த குண்டோகன் அணித்தலைவராக இருந்தார். எனினும் அப்போட்டிக்குச் சற்றுமுன் ஒரு தொலைக்காட்சிக் கருத்துக்கணிப்பில், அணியில் வெள்ளையர் இன்னும் அதிகமிருத்தல் வேண்டும் என்று 21 விழுக்காட்டினர் கூறினர். அக்கேள்வியே இனவெறி சார்ந்ததென்று ஆட்டக்காரர் கிம்மிஷ் வெளிப்படையாகக் கண்டித்தார், பயிற்சியாளர் நாகெல்ஸ்மானும் அவரோடு நின்றார்.