மின்சார வேன் மின்னேற்ற நேரம் (தாம்பரம் வட்டாரம்)

மின்சார வேனின் பேட்டரிக்குத் தேவையான மின்சாரம் ஏறி முடியப் பிடிக்கும் நேரமே மின்னேற்ற நேரம். பேச்சுவழக்கில் ‘சார்ஜ் ஏறும் நேரம்’. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் சரக்கு ஏற்றும் சிறு வேன்களுக்குச் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் ஓர் இரவு ஆகும். விரைவு மின்னேற்றியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் போதும்.

பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கிலோவாட் மணியும் வீட்டு மின்கட்டணத்தில் வரும் யூனிட்டும் ஒன்றே. ஆகவே கணக்கு எளிது. ‘குட்டியானை’ என்று ஊரே அழைக்கும் டாடா ஏஸின் மின்சார வடிவம் 2022 மே மாதம் அறிமுகமானது. அதன் பேட்டரி 21.3 யூனிட். 230 வோல்ட்டில் 15 ஆம்பியர் பிளக் மணிக்கு ஏறத்தாழ 3.4 யூனிட் தரும். ஏற்றும்போது பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும் என்று வைத்துக்கொண்டால், காலிப் பேட்டரி நிறைய 7 மணி நேரம். அசோக் லேலண்ட் குழுமத்தின் ஸ்விட்ச் ஐஇவி4 வேனுக்கு 32.2 யூனிட் என்பதால் அதே பிளக்கில் பத்து மணி நேரம் தாண்டும்.

நடைமுறையில் வேன் நாள்தோறும் காலியாகித் திரும்புவதில்லை. ஏஸுக்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 154 கிலோமீட்டர். பாரத்தோடு வேளச்சேரி–தாம்பரம் சாலை நெரிசலில் ஊர்ந்தால் அவ்வளவு கிடைக்காது. யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் என்று கொள்வதே பாதுகாப்பு. தண்ணீர் கேன்களை ஏற்றி நாளுக்கு 60 கிலோமீட்டர் சுற்றும் வேனுக்குச் செலவு 12 யூனிட். அது திரும்ப ஏற நான்கு மணி நேரம். இரவு பத்துக்குப் பிளக்கைச் செருகினால் இரண்டரை மணிக்குள் வேலை முடிந்துவிடும். வேன் வாங்க நினைப்பவர் முழு மின்னேற்ற நேரத்தைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. அன்றாடம் ஓடும் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

விரைவு மின்னேற்றியைப் பற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு: மின்னேற்றி பெரிதானால் நேரம் அதே அளவுக்குக் குறையும் என்பது. உண்மையில் வேன் எவ்வளவு வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவுதான் ஏறும். ஏஸின் விரைவு மின்னேற்றத்துக்கு நிறுவனம் சொல்வது 105 நிமிடம். முழுப் பேட்டரியையும் கணக்கில் கொண்டாலும் சராசரி 12 கிலோவாட்டைச் சுற்றியே வரும். 60 கிலோவாட் மின்னேற்றியில் நிறுத்துவதால் தனிப் பயன் இல்லை. 2024 அக்டோபரில் வந்த மகிந்திரா ஜியோ, விரைவு மின்னேற்றியில் 60 நிமிடத்தில் 100 கிலோமீட்டருக்கான மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளும் என்பது நிறுவனத்தின் கூற்று. எந்த வேனாயினும் 80 விழுக்காட்டுக்குமேல் வேகம் தணியும். செல்களைக் காக்க மின்னோட்டத்தைக் குறைப்பது பேட்டரி மேலாண்மை அமைப்பின் வேலை. கத்திரி வெயிலில் ஓடி வந்த சூட்டோடு செருகினாலும் அது அப்படியே செய்யும். சற்று நேரம் நிழலில் நிறுத்திவிட்டு ஏற்றுவது நல்லது.

நெடுந்தூரம் செல்வோருக்காக, சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் உள்ள தன் பெட்ரோல் பங்குகளில் பாரத் பெட்ரோலியம் 2022இல் விரைவு மின்னேற்றிகளை அமைத்தது. தாம்பரம் வழியே செல்லும் ஜிஎஸ்டி சாலை அந்த வழித்தடத்தின் வடபகுதி.

இவ்வட்டாரத்தில் நேரத்தை நீட்டுபவை வேறு. கோடை இரவில் ஏசிகள் ஒருசேர ஓட, மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே பிளக் மணிக்கு 3 யூனிட்தான் தரும். பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் பகல்நேர மின்தடையும் உண்டு. சொந்த வாகன நிறுத்தமும் தனி மீட்டரும் இல்லாத அடுக்குமாடியில், தெருவோரம் வேனை நிறுத்துபவருக்குப் பிளக்கே எட்டாது. இங்கே மின்சார வேன் பெருகுவதற்கு இதுவே பெருந்தடை. வேகமான மின்னேற்றிகளைவிட, இரவு முழுதும் நிறுத்தி வைக்கத்தக்க பொது இடங்களே இப்போதைய தேவை.

மழைக்காலம் தனிக் கவனம் கேட்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. தண்ணீர் புகுந்த தெருக்களில் பாதுகாப்புக் கருதி மின்சாரம் நிறுத்தப்படும். அதனால் பிளக்கை வெள்ளம் எட்டாத உயரத்தில் பொருத்துவதும், புயல் எச்சரிக்கை வந்த அன்றே முழுதாகச் சார்ஜ் ஏற்றி வேனை மேட்டில் நிறுத்துவதும் அவசியம்.